நடுவழியில் நின்ற எஞ்சின்



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. தேர் போய் மோட்டார் வந்துவிட்ட இக்காலத்திலும் அதன் உண்மை மாறவில்லை. தேருக்கு அச்சாணி எப்படியோ, அப்படியே மோட்டார் காருக்கு எஞ்சின். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அச்சாணி கழன்றதைக் கண்ணால் கண்டு, தச்சனை அழைத்து, அன்றைக்கே வேறொன்று செருகிக்கொள்ளலாம். எஞ்சினுக்குள் நேர்ந்த கேடோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை; அது யாரால் நேர்ந்தது என்பது அதனினும் புலப்படுவதில்லை. அந்த இடத்தில்தான் காரை வாங்கியவருக்கும் அதை உற்பத்தி செய்தவருக்கும் இடையே வழக்குப் பிறக்கிறது. அவ்வழக்கைப் பற்றி இன்று சிறிது பேச எண்ணுகிறோம்.

பிழைப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு டில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் கல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம் போன்றோர்க்கு இது வெறும் யந்திர விஷயம் அன்று. நடுத்தரக் குடும்பத்தில் வீட்டுக்கு அடுத்தபடியான பெருஞ்செலவு கார். அதைப் பெரும்பாலும் கடன் வாங்கியே வாங்குகிறோம். கடன் தீருமுன் எஞ்சின் நின்றுவிட்டால், ஓடாத வண்டிக்கும் மாதந்தோறும் தவணை கட்டவேண்டியதுதான். சொந்த ஊரிலாவது அண்டை அயலார் உண்டு, பழகிய மெக்கானிக் உண்டு. அயல் மாநிலத்தில் நமக்கு இருப்பவை நம் கையிலுள்ள காகிதங்களும், சட்டம் தரும் உரிமையுமே. இவ்விரண்டின் மதிப்பை உணர்த்துவதே இப்பேச்சின் நோக்கம்.

எஞ்சின் எவ்வாறு திடீரென்று நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கார் நெடுஞ்சாலையில் செல்லும்போது, எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் என்னும் வளைதண்டு நிமிஷத்துக்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அஃதாவது விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டன் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குகிறது. பிஸ்டனையும் வளைதண்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. அந்த ராடு தண்டைப் பற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் பேரிங் என்னும் மெல்லிய உலோக ஓடு அமைந்திருக்கிறது. அங்கே உலோகத்தோடு உலோகம் உராயாமல் காப்பது மயிரிழையினும் மெல்லியதோர் எண்ணெய்ப் படலம். அப்படலம் அறுமாயின் பேரிங் சூடேறித் தேய்கிறது. முதலில் உள்ளிருந்து கதவைத் தட்டுவது போன்ற ஓசை எழும். அதனைப் பொருட்படுத்தாது ஓட்டினால், எஞ்சின் இறுகி நின்றுவிடும்; அல்லது ராடு முறிந்து எஞ்சினின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளிவரும்.

எண்ணெய்ப் படலம் ஏன் அறுகிறது? உரிய காலத்தில் எண்ணெயை மாற்றாமல் விட்டிருக்கலாம். எண்ணெய் கசிந்து குறைந்திருக்கலாம். அதனைச் செலுத்தும் பம்பு பழுதாகியிருக்கலாம். அல்லது தொழிற்சாலையில் எஞ்சினைச் செய்தபோதே எண்ணெய் செல்லும் வழியில் உலோகத் துகள் தங்கியிருக்கலாம். இவை தவிர வேறு காரணங்களும் உண்டு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால், பல வகை எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்கின்றன. குளிர்விக்கும் நீர் வற்றினால் எஞ்சினின் தலைப்பகுதி வெப்பத்தால் கோணிப்போகிறது. மழை வெள்ளத்தில் காற்று புகும் வழியே நீர் புகுந்தால், காற்றைப்போல் நீர் அமுங்காது ஆகையால், ராடு வளைந்துவிடுகிறது. 2005-இல் மும்பையிலும் 2015-இல் சென்னையிலும் வெள்ளம் புகுந்த நாட்களில் இதனைப் பலர் கண்கூடாகக் கண்டனர். நீரில் நின்றுபோன காரை மீண்டும் கிளப்ப முயலலாகாது என்பது அவ்வெள்ளங்கள் கற்பித்த பாடம்.

ஆக, செத்த எஞ்சின் ஒன்றே. சாவுக்குக் காரணம் பல. அவற்றுள் சில உரிமையாளரின் கவனக்குறைவு; சில உற்பத்தியாளரின் பிழை; சில இருவருக்கும் அப்பாற்பட்டவை. எந்த எஞ்சின் நின்றாலும் கம்பெனியே குற்றவாளி என்று கொள்வது நியாயமாகாது. எந்த எஞ்சின் நின்றாலும் வாங்கியவரே குற்றவாளி என்று கம்பெனி கொள்வதும் நியாயமாகாது. உண்மையைக் காண வேண்டுமாயின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. பிரிப்பவர் யார்? கம்பெனியின் பட்டறையார். பிரித்ததைப் பார்த்துக் காரணம் எழுதுபவர் யார்? அவர்களே. உரிமையாளரோ, அறுவை நடக்கும் அறைக்கு வெளியே நிற்கும் உறவினரைப்போல, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

வாரண்டிப் புத்தகத்தின் மொழி இந்நிலையை இன்னும் கடினமாக்குகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் அப்புத்தகத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கிறோம். கம்பெனி தருவதாக ஒப்புக்கொள்ளும் பகுதி சுருக்கமாக இருக்கும். தராதவற்றைக் கூறும் பகுதி நீண்டிருக்கும். ‘இயல்பான தேய்மானம்’, ‘முறையற்ற பராமரிப்பு’ என்னும் தொடர்கள் அந்த நீண்ட பகுதியைச் சேர்ந்தவை. எது இயல்பு, எது முறை என்பதை அத்தொடர்கள் சொல்லுவதில்லை. வழக்குகள் பெரும்பாலும் இவ்விரு தொடர்களின் பொருளைப் பற்றியவையே.

நம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே குறிப்பிடலாம். நாகபுரியில் உத்தியோகம் பார்க்கும் தமிழர் அவர். மூன்றாண்டுகூட நிறையாத அவருடைய கார் வார்தா செல்லும் சாலையில் நின்றுவிட்டது. பட்டறையார் எஞ்சினைத் திறந்து பார்த்து, எண்ணெய் கெட்டிருந்தது என்றும், ஒரு சர்வீஸ் விடுபட்டிருக்கிறது என்றும் எழுதினர். உண்மையில் அந்த சர்வீஸ், விடுமுறையில் திருச்சிக்குச் சென்றிருந்தபோது, அதே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் செய்யப்பட்டது. ரசீதுதான் கையில் இல்லை. திருச்சிக்குத் திரும்பத் திரும்ப எழுதி, அங்குள்ள பதிவேட்டிலிருந்து நகல் பெற்று அனுப்ப ஆறு வாரம் ஆயிற்று. நகலைக் கண்டபின் கம்பெனி எஞ்சினின் விலையை ஏற்றுக்கொண்டது. கூலியை நண்பர் கொடுத்தார். குற்றம் யாருடையது என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஆயினும் ஒரு துண்டுக் காகிதம் இரண்டு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஒருவரது வழக்கு இவ்வாறு முடியலாம். ஆயிரக்கணக்கானவர்களின் எஞ்சின்கள் ஒரே விதமாக நின்றால் என்ன ஆகும்? அதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஹூண்டாய் கம்பெனியும் அதன் உறவுக் கம்பெனியான கியாவும் அந்நாட்டில் விற்ற சில கார்களில் ‘தீட்டா 2’ என்னும் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. அவற்றில் பல, ஓடிக்கொண்டிருக்கையிலேயே தட்டும் ஓசை எழுப்பி நின்றன. தனித்தனியே பட்டறைக்குச் சென்றவர்களில் பலரிடம், எண்ணெய் மாற்றியதற்கான ரசீதுகள் அனைத்தையும் கொண்டுவரும்படி கேட்கப்பட்டது. கொடுக்க முடியாதவர்கள் வாரண்டி மறுக்கப்பட்டுத் திரும்பினர். 2015 செப்டம்பரில் ஹூண்டாய், 2011, 2012-ஆம் ஆண்டு மாதிரிகளான ஏறத்தாழ 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. அலபாமா மாநிலத்துத் தொழிற்சாலையில் வளைதண்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் முழுவதும் அகற்றப்படவில்லை என்றும், அவை பேரிங்குக்கு எண்ணெய் செல்லும் வழியை அடைத்திருக்கலாம் என்றும் அப்போது காரணம் கூறப்பட்டது. எண்ணெயை மாற்றவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலருடைய எஞ்சின்களிலாவது, பிழை அவர்கள் வாங்குவதற்கு முன்பே உள்ளே இருந்தது என்பது இதனால் விளங்குகிறது அன்றோ?

செய்தி அத்துடன் நிற்கவில்லை. தென்கொரியாவில் அதே கம்பெனியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கிம் குவாங்-ஹோ என்னும் பொறியாளர், குறையின் முழு அளவைக் கம்பெனி வெளியிடவில்லை என்று கருதினார். 2016-இல் வாஷிங்டனுக்குச் சென்று, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையிடம் ஆவணங்களுடன் முறையிட்டார். அவ்வாண்டிலேயே வேலையும் இழந்தார். 2017-இல் இரு கம்பெனிகளும் மேலும் ஏறத்தாழ 12 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. 2019-இல் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் சமரசம் அறிவிக்கப்பட்டது. அதன்படி எஞ்சினின் அடிப்பகுதிக்குக் காரின் ஆயுள் முழுவதும் வாரண்டி கிடைத்தது. முன்பே கைப்பணம் செலவிட்டுப் பழுது பார்த்தவர்களும் அதனைத் திரும்பப் பெற வழி ஏற்பட்டது. பேரிங் தேயும்போது எழும் அதிர்வை முன்கூட்டியே உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடும் கார்களில் சேர்க்கப்பட்டது. 2020 நவம்பரில், காலந்தாழ்த்தித் திரும்ப அழைத்தது முதலிய குற்றச்சாட்டுகளின்பேரில், இரு கம்பெனிகளும் மொத்தம் 21 கோடி டாலர் அளவுக்கு அபராதத்துக்கும் பாதுகாப்புச் செலவுகளுக்கும் ஒப்புக்கொண்டன. 2021-இல் கிம் குவாங்-ஹோவுக்கு அமெரிக்க அரசாங்கம் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சன்மானம் வழங்கியது.

இதற்கு முன் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சிறிய கார்களில் நேர்ந்தது இன்னும் கொடியது. அங்கே எஞ்சினில் பிழை இல்லை. சாவி திருப்பும் ஸ்விட்சில் பிழை. சாவிக்கொத்தின் கனத்தாலோ முழங்கால் பட்டதாலோ ஸ்விட்ச் தானே திரும்பிவிடும், எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங் கனத்துப்போகும், விபத்தில் உயிர் காக்கவேண்டிய காற்றுப்பைகளும் விரியா. இதனால் 124 பேர் இறந்ததாகக் கம்பெனி ஏற்படுத்திய நஷ்டஈட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. அந்த ஸ்விட்சைக் கம்பெனி 2006-இல் சத்தமின்றி மாற்றியமைத்திருந்தது. ஆனால் அதன் எண்ணை மாற்றவில்லை. ஆகவே பழையது எது, புதியது எது என்று எவருக்கும் தெரியவில்லை. ஓர் இளம்பெண்ணின் மரணத்தைக் குறித்த வழக்கில், பெற்றோர் சார்பில் அமர்த்தப்பட்ட வல்லுநர் ஒருவர், விபத்துக்குள்ளான காரின் ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புதிய ஸ்விட்சையும் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. பழுதான உறுப்பு அழியாமல் இருந்ததனால்தான் உண்மையும் அழியாமல் இருந்தது. 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குக் கற்பிப்பவை யாவை? தனியொருவரின் புகார், பட்டறையின் மேசையோடு நின்றுவிடுகிறது. அதே புகாரைப் பலர், எழுத்தில், பொது அதிகாரியிடம் பதிந்துவைத்தால் அது சான்றாகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது திருவிழாவுக்கு மட்டும் உரியதன்று.

இனி, நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலையில் அமலாயிற்று. அதில் நம் போன்ற புலம்பெயர்ந்தோர்க்கு மிகவும் பயன்படும் மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் எதிர்த்தரப்பார் தொழில் செய்யும் இடத்திலோ, வழக்குக்குரிய காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடுக்கலாம். கோயம்புத்தூரில் கார் வாங்கியவர் மாற்றலாகிப் போபாலுக்குச் சென்றிருந்தால், வழக்குக்காகக் கோயம்புத்தூருக்கு ரயிலேற வேண்டிவரலாம். இப்போது வழக்காளி குடியிருக்கும் இடத்திலோ, உத்தியோகம் பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே முறையிடலாம். வக்கீல் இன்றித் தாமே வாதாடலாம். கணினி வழியாக மனுவைப் பதியவும், வேண்டிக்கொண்டால் காணொளி வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் இடமுண்டு. காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் மாவட்ட ஆணையமே போதும். விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். ஆனால் வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிடவேண்டும். கம்பெனியின் இனிய பதில்களை நம்பிக் காத்திருப்போர் இக்கெடுவை மறந்துவிடக் கூடாது.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போர்க்கும் ஒரு சொல். வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குபவர் இச்சட்டத்தில் நுகர்வோர் அல்லர். ஆயினும் சுயதொழிலாகத் தம் பிழைப்புக்காகவே வாங்கித் தாமே பயன்படுத்துபவர் நுகர்வோரே. ஒரே காரை வைத்துக்கொண்டு தாமே ஓட்டுபவர், கம்பெனி இதனைச் சுட்டிக்காட்டி மறுத்தால் அஞ்சவேண்டியதில்லை.

ஆணையம் என்ன செய்யக்கூடும்? குறையை நீக்கித் தரும்படியோ, பொருளை மாற்றித் தரும்படியோ, விலையைத் திருப்பித் தரும்படியோ, நஷ்டஈடு கொடுக்கும்படியோ உத்தரவிடலாம். ஆனால் எஞ்சின் பழுதானால் புதுக் காரே கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. மாருதி கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், வாரண்டியின் சொற்கள் பழுதான உறுப்பை மாற்றித் தருவதைத்தான் கூறுகின்றனவே அன்றி, காரையே மாற்றித் தருவதை அல்ல என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உற்பத்தியிலேயே உண்டான குறை என்று வாதிப்பவர், அதனை வல்லுநர் அறிக்கையால் நிறுவவேண்டியிருக்கிறது. தகுதி பெற்ற சோதனைச்சாலைக்குப் பொருளை அனுப்பி அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இதனை மனுவிலேயே கேட்பது நன்று. நல்ல வழக்குகள் பல இந்த ஓர் அறிக்கை இல்லாமையால் தோற்றிருக்கின்றன.

பொறுமையும் வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடப்பிலோ ஆண்டுகள் ஆகின்றன. 2009-இல் வாங்கிய பி.எம்.டபிள்யூ கார் ஒன்றைப் பற்றிய தகராறு, குற்ற வழக்காகத் தொடங்கி, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட்ட பின்னரே முடிந்தது. அத்தனை காலம் எல்லோராலும் போராட இயலாது. ஆகவே முதலில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, நேர்மையான சமரசம் கிடைக்குமா என்று பார்ப்பது விவேகம்.

திரும்ப அழைப்பதற்கும் இப்போது நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் செல்லும் பிறருக்கோ சுற்றுப்புறத்துக்கோ தீங்கு விளைக்கக்கூடிய குறை ஒரு வகைக் கார்களில் இருந்தால், அவற்றைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசாங்கம் உற்பத்தியாளருக்கு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளன. ஆனால் குறை உண்டென்று உரிமையாளர்களில் குறிப்பிட்ட விகிதத்தினர் தெரிவித்திருப்பது அதற்கு ஓர் அடிப்படையாகும். சொல்லாமல் சகித்துக்கொள்பவர், தமக்கு மட்டுமன்றி அதே காரை வைத்திருக்கும் முகமறியாத மற்றவர்க்கும் தீங்கு செய்கிறார் என்றால் மிகையாகாது.

இறுதியாக, செய்யத்தக்கவற்றைத் தொகுத்துச் சொல்வோம். கார் ஓடும்போது எஞ்சின் நின்றால் பதற்றம் கொள்ளலாகாது. பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தவேண்டும். ஏனெனில் அதற்குத் துணைநிற்கும் விசை ஓரிரு மிதிகளோடு தீர்ந்துவிடும். ஸ்டியரிங் கனமாகும், ஆயினும் பலங்கொண்டு திருப்பினால் திரும்பும். கார் நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு ஓரம் கட்டவேண்டும். எண்ணெய் விளக்கு எரிந்திருந்தாலோ தட்டும் ஓசை கேட்டிருந்தாலோ மறுபடி கிளப்பாமல், இழுத்துச் செல்லும் வண்டியை வரவழைக்கவேண்டும்.

பட்டறையில் விடும்போது, கார் ஓடிய கிலோமீட்டரையும் நின்ற விதத்தையும் ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் வாங்கவேண்டும். எஞ்சினை நம் முன்னிலையில் பிரிக்கும்படி எழுத்தில் கேட்கவேண்டும். படம் எடுத்துக்கொள்ளவேண்டும். கழற்றிய உறுப்புகளையும், வடித்த எண்ணெயில் சிறிதளவையும் பத்திரப்படுத்தும்படி கடிதம் கொடுக்கவேண்டும். வாய்ச்சொல்லாகக் கிடைத்த உறுதியை அன்றே கடிதமாக்கி அனுப்பவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கார் வாங்கிய நாள் முதல் எந்த ஊரில் எண்ணெய் மாற்றினாலும் அந்த ரசீதை ஒரே கோப்பில் சேர்த்துவரவேண்டும். மாற்றலாகும்போது பாத்திரம் பண்டங்களை எண்ணிக் கட்டுகிறோம். அந்தக் கோப்பையும் அவற்றோடு எண்ணிக்கொள்வது நலம்.

பெருங்கம்பெனியிடம் வல்லுநர் உண்டு, வக்கீல் உண்டு, காத்திருக்கப் பணமும் உண்டு. தனிமனிதனிடம் இருப்பவை, ஒழுங்காக வைத்த ரசீதுகளும், காலம் தவறாமல் கொடுத்த புகாரும், தன்னைப்போல் பாதிக்கப்பட்ட பிறருமே. இவை சிறியவை போல் தோன்றலாம். ஆனால் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்கச் செய்ததில் இத்தகைய சிறியவற்றுக்கும் பங்குண்டு. மொழி வேறுபட்ட ஊர்களில் வாழும் நாம், ஒருவர்க்கு நேர்ந்ததை மற்றவர்க்குச் சொல்லியும், மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுத்தும் உதவுவோமாக.